குப்பம் பக்கம் மானாவாரி மல்லாட்ட (வேர்க்கடல): இனிமே போடலாமா, விட்டுடலாமா?

மேட்டுக்கொல்லி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கீறது ராமகுப்பம் பக்கம், ஆந்திராதான், ஆனா வூட்ல தமிழ், ஆபீஸ்ல தெலுங்கு, கட்டிக் குடுத்த பொண்ணுங்க எல்லாம் வாணியம்பாடி ஆம்பூர்ல. சொந்தமா 2 ஏக்கர், கவுலுக்கு, அதாவது குத்தகைக்கு, 1 ஏக்கர், மூணுமே மேட்டு நிலம், செம்மண்ணு, பாதி கல்லு. போர் கெடையாது. பக்கத்துக் கொல்லிக்காரர் ஆயிரம் அடிக்கு மேல போட்டாரு, பொகதான் வந்துச்சு, அதப் பாத்துட்டு எனக்கு அந்த ஆசையே போச்சு.

நைனா காலத்துல ஆனி கடைசி இல்ல ஆடில மல்லாட்ட வெதைப்போம், ஐப்பசில புடுங்கிடுவோம், நடுவுல ஒரு மழ ரெண்டு மழ முன்னபின்ன ஆவும், அவ்ளோதான். இப்ப இன்னா நடக்குதுன்னா சித்திர வைகாசிலயே நல்லா ஊத்துது, ஊரே ஏர் கட்டி வெதைக்குது, விழுது மண்ணுல எறங்கி காய் புடிக்கற நேரத்துல ஆவணி முழுக்க வானம் வெளுத்துக் கெடக்குது. 2023ல அப்பிடித்தான், செடி இருந்துச்சு, கீழ ஒண்ணும் இல்ல. சரி அத தாண்டி வந்தாலும் புடுங்கற நேரத்துல புடிச்சிக்குது. 2021 நவம்பர் மழ ஞாபகம் இருக்கும், பாலாறே பொரண்டு ஓடிச்சே, அப்ப மண்ணுக்குள்ளயே காய் மொளச்சி வெள்ளையா வால் வுட்டுச்சு, மிச்சத்த புடுங்கிப் போட்டா களத்துல கறுத்துப் போச்சு. மாட்டுக்கு கொடி கூட ஆவல.

வெதக் காசே பெரிய காசு. ஒரு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேணும், அது போச்சுன்னா திரும்ப வாங்கறதுக்கு யாரு கிட்ட போறது.

மச்சான் மாங்கன்னு வையுங்கறான். பெங்களூர்ல வேல பாக்கற தம்பி வித்துடுங்கறான், லேஅவுட்டுக்கு ஆள் கீறாங்களாம். இன்னொருத்தர், மழைக்கு முன்னாடியே காய்ஞ்ச மண்ணுல நவதானியம் வெதைக்கறாங்க, நிலம் குளுந்து போவுதுன்றார். அது நெசமா யாராவது செஞ்சிருக்கீங்களா? இன்சூரன்ஸும் கேக்கணும், போன தடவ ஆபீஸ்ல போயி நின்னா லிஸ்ட்ல உன் பேரே இல்லன்னு அனுப்பிட்டாங்க. சித்திர பொறக்கப் போவுது, இப்ப முடிவு பண்ணாதான் ஆவும்.

---

பேரணாம்பட்டு பெருசு

தம்பி, விக்கறத அப்பறம் பேசுவோம். மொதல்ல ஒரு கேள்வி, மூணு ஏக்கரும் ஒரே நாள்ல ஒரே வெதையா போடறியா? அங்கதான் மாட்டிக்கிற. எங்கப்பன் சித்திர மழைய நம்பி வெதைக்கவே மாட்டாரு. அந்த மழைக்கு ஓட்டி விடறதோட சரி. அதுல ஓட்டிட்டா கூட்டுப்புழு எல்லாம் மேல வந்து வெயில்ல சாவும், காக்கா குருவி தின்னும், கம்பளிப் பூச்சி பாதி அங்கயே கொறையும். வெதைக்கறது அப்பறம், நிலம் நல்லா ரெண்டு உழவு மழ குடிச்ச பின்னாடி. கையில மண்ண புடிச்சா உருண்ட நிக்கணும், உங்க பக்கம் பதனு பதனுன்னு சொல்வாங்களே, அது கீழ வரைக்கும் எறங்கியிருக்கான்னு குத்திப் பாத்துட்டுதான் பையத் தொறக்கணும். மேல நாலு வெரல் ஈரத்த நம்பி வெதைச்சவன்தான் ரெண்டாந் தடவ வெத வாங்கறான்.

அதே மாதிரி கடைசித் தேதியும் ஒண்ணு வேணும். ஜூலை முடிஞ்சும் பதனு வரலைன்னா அந்த வருஷம் மல்லாட்டய மறந்துடு. அதுக்கப்பறம் காராமணி, பச்சப்பயிறு, தின, இன்னும் லேட்டானா ஆவணி பொரட்டாசில கொள்ளு. கொள்ளுன்னா எல்லாருக்கும் எளக்காரம், ஆனா அதுக்கு வெதச் செலவு ஒண்ணும் இல்ல, பனிலயே வெளஞ்சிடும், மாட்டுக்கும் ஆவுது மனுஷனுக்கும் ஆவுது. லேட்டா மல்லாட்ட போட்டு கார்த்திக மழையில புடுங்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

மல்லாட்ட போடற எடத்துலயும் ஆறு சாலுக்கு ஒரு சால் தொவர விடு. மல்லாட்ட ஆவணிலயே செத்தாலும் தொவர நிக்கும், அதுக்கு வேர் ஆழம், நம்ப பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திக மழையும் கெடைக்குது பாரு, அத முழுசா தொவரதான் குடிக்கும். ஓரம் முழுக்க ஆமணக்கு போடு, கம்பளிப் பூச்சி அங்க போய் கூடும், எல பின்னாடி முட்டக் கூட்டமா இருக்கறப்பவே கிள்ளிப் போட்டுடலாம். எண்ணெய்க்கும் ஆச்சு.

கேவுரு (கேழ்வரகு) நல்ல பயிரு, காய்ச்சல தாங்கும், ஆனா உனக்கு சொல்ல பயமா கீது. கௌண்டின்யா காடு உன் பக்கத்துலதானே. கேவுரு பால் புடிச்சா யானைக்கு எவன் போன் போட்டு சொல்றான்னே தெரியல, ராத்திரியே நிக்குது. கர்நாடகாகாரங்க 2025ல 4 கும்கி குடுத்தாங்க, பலமநேர் பக்கம் வச்சிருக்காங்க, இருந்தாலும் பரண் மேல படுக்கப் போறது நீதான். காட்டோரம்னா வேணாம், ஊரோரம்னா போடு.

மாங்கா பத்தி கேட்டா எனக்கு கோவம்தான் வரும். 2025 சீசன்ல உங்க சித்தூர்லயே பெங்களூரா மாங்காவ கூழ் கம்பெனி கிலோ 8 ரூபாய்க்கு எடுக்கணும், கவர்மென்ட் மேல 4 ரூபா போடும்னு ஆச்சு, அதுக்கே வண்டி வண்டியா கம்பெனி கேட் முன்னாடி நாள் கணக்குல நின்னாங்க. தமிழ்நாட்டு மாங்கா கர்நாடகா மாங்கா உள்ள வரக்கூடாதுன்னு வேற தடுத்தாங்க. அதோட, கன்னு நட்டா மொத நாலு வருஷம் கோடையில யாரு தண்ணி ஊத்தறது?

---

கிருஷ்ணகிரி கம்பெனி பையன் (விவசாயி உற்பத்தியாளர் கம்பெனில வேல)

பெருசு சொன்னதுல தொண்ணூறு பர்சென்ட் ஒத்துக்கறேன். கொஞ்சம் டெக்னிக்கலா சேத்துக்கறேன்.

அண்ணா, உங்க மல்லாட்ட மண்ணுக்குள்ளயே மொளைக்கறதுக்கு மழ மட்டும் காரணம் இல்ல. நம்ப ஏரியாவுல எல்லாரும் போடற கதிரி 6 மாதிரி கொத்து ரகங்களுக்கு ஒறக்க காலம் கெடையாது, அதாவது காய் முத்தின ஒடனே ஈரம் பட்டா மொளச்சிடும். கொடி ரகம்னா ஒறங்கும், ஆனா அது நாள் கூட எடுக்கும், மானாவாரிக்கு அந்த நாள் நம்ப கிட்ட இல்ல. கொத்து ரகத்துலயே ரெண்டு மூணு வாரம் ஒறங்கற மாதிரி ரகங்க வந்திருக்கு, வெத வாங்கறப்ப வெளச்சல் எவ்ளோன்னு மட்டும் கேக்காம ஒறக்க காலம் இருக்கான்னு கேளுங்க. உங்களுக்கு கதிரி ஆராய்ச்சி நிலையமும் திருப்பதி நிலையமும் கிட்ட, எங்களுக்கு திண்டிவனம், விருத்தாசலம். கடைக்காரர் கிட்ட கேட்டா அவர்கிட்ட ஸ்டாக்ல இருக்கறதுதான் நல்ல ரகம்.

ரெண்டாவது, டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்தி காப்பாத்திடலாம்னு நெறைய பேர் எறங்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ஏக்கருக்கு 1 மில்லிமீட்டர் தண்ணின்னாலே 4,000 லிட்டருக்கு மேல. விழுது எறங்கறப்ப ஒரு தடவ உயிர்த் தண்ணி 20 மில்லிமீட்டர் விடணும்னா 80,000 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் 16 நட. மல்லாட்ட ஆதார வெல 2025-26க்கு குவிண்டால் 7,263 ரூபா, அதுவும் மண்டில கெடைச்சாத்தான், அதுல டேங்கர் வாடக எங்க கட்டுப்படியாவும். அதனால பண்ணக் குட்ட எடுக்கற எடம் இருந்தா மழத் தண்ணிய அங்க நிறுத்துங்க, ஒரு ஏக்கருக்காவது ஒரு உயிர்த் தண்ணி வரும். குட்ட எடுக்க எடம் இல்லன்னா விழுந்த மழய ஓடவிடாம பண்றதுதான் வழி. சரிவுக்கு குறுக்க ஓட்டுங்க, எட்டு சாலுக்கு ஒரு தடவ வெறும் சால் ஆழமா விட்டுடுங்க, தண்ணி அதுல நின்னு எறங்கும். காசு செலவே இல்லாத வேல, ஆனா டிராக்டர்காரன் நேரமாவுதுன்னு நீளவாக்குலதான் ஓட்டுவான், கூடவே நின்னு ஓட்ட வைக்கணும்.

செம்மண்ணுக்கு ஏரி வண்டல் அடிங்க. ஈரம் நாலு நாள் கூட நிக்கும். தமிழ்நாட்டு பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்றேன், ஏரி வண்டல் எடுக்க இப்ப தாசில்தார் அளவுலயே அனுமதி, புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75, மண்ணுக்கு காசு இல்ல, வண்டிக் கூலிதான். அண்ணா நீங்க உங்க ஊர் சச்சிவாலயத்துல, அந்த கிராம அரசு ஆபீஸ்ல கேளுங்க.

ஜிப்சம் மறக்காதீங்க. ஏக்கருக்கு 160 கிலோ, 40 நாளுக்கு மேல, மண்ணுல ஈரம் இருக்கற நாளாப் பாத்து போட்டு மண் அணைக்கணும். வறண்ட மண்ணுல போட்டா சும்மாதான் கெடக்கும். கடைசில காய்ச்சல்ல மாட்டின காய தனியா வைங்க, அதுலதான் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சாணம் ஏறி அஃப்ளடாக்சின் வரும், நல்ல காயோட கலந்தா மொத்த மூட்டையும் வெல போவும், வூட்ல எண்ணெய் ஆட்டித் திங்கறதுக்கும் அது வேணாம்.

---

சங்கத்து சரோஜா

தம்பி நவதானியம் கேட்டீங்களே, நாங்க செய்யறோம், குப்பம் மண்டலந்தான். ஆந்திரா இயற்கை விவசாயத் திட்டத்துல மகளிர் சங்கம் மூலமா ஆரம்பிச்சது. இங்க பி.எம்.டி.எஸ்னு சொல்றாங்க, மழைக்கு முந்தின வெதப்பு. வெறும் ஒம்பது தானியம் இல்ல, இருவது முப்பது வகையா கலந்து போடறோம், காராமணி, பச்சப்பயிறு, உளுந்து, கொள்ளு, மொச்ச, கம்பு, சோளம், தின, எள்ளு, ஆமணக்கு, சணப்ப, தனியா, வெந்தயம், கீர வெத, பூசணி, எது கெடைக்குதோ அது.

செய்யற விதம் சொல்றேன். வெதய மொதல்ல பீஜாமிர்தத்துல (சாணி, கோமியம், சுண்ணாம்பு கரைச்ச தண்ணி) பெரட்டி நெழல்ல ஆத்திக்கணும். அப்பறம் அகலமான தட்டு இல்ல மொறத்துல போட்டு, மேல தண்ணி தெளிச்சி சலிச்ச களிமண்ணு ஒரு கை, ஆட்டி உருட்டு, திரும்ப தெளி, கனஜீவாமிர்தத் தூள் (சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு சேத்து காய வச்ச எரு) ஒரு கை, ஆட்டு, கடைசில சாம்பல். ஆட்ட ஆட்ட வெத சுண்டக்கா மாதிரி உருண்டு வரும். நெழல்ல காய வச்சிட்டா எறும்பும் எடுக்காது, குருவியும் எடுக்காது, சின்ன தூறலுக்கு அவசரப்பட்டு மொளைக்காது, நல்ல மழைக்குதான் ஒடையும். ஏப்ரல் மே வாக்குல ஏக்கருக்கு 400 கிலோ கனஜீவாமிர்தம் போட்டு, மேலாப்புல ஓட்டி, இத வெதைச்சி, மேல வைக்கோலோ காஞ்ச எலையோ மூடிடணும். அதோட சரி. மழ வந்தா மொளைக்கும், அப்பறம் மழ விட்டுப் போனாலும் அந்தப் பச்சையும் மூடாக்கும் பனி ஈரத்த புடிச்சி வச்சிக்கும். ஜூன் கடைசில பாதிய அறுத்து மாட்டுக்குப் போட்டு மீதிய மண்ணுல மடக்கிட்டு மல்லாட்ட வெதைக்கலாம்.

ஆனா இத கேட்டுட்டு நாளைக்கே ஓடாதீங்க. கஷ்டம் எங்கன்னா மூடாக்குலதான். கோடையில வைக்கோல் மாட்டுக்கே பத்தல, நிலத்துக்கு எங்க போறது? நாங்க ஏரிக்கரை சருகு, தென்ன மட்ட, புங்க தழ எல்லாம் கொண்டாந்து போடறோம், அது பொம்பளைங்க கூலி இல்லாத வேல, கூட்டத்துல யாரும் அத கணக்குல சொல்றதில்ல. ரெண்டாவது, சித்திரைல எல்லார் ஆடு மாடும் அவுத்து விட்டிருக்கும், ஊர்ல உங்களுது மட்டும் பச்சையா இருந்தா எல்லா ஆடும் உங்க கொல்லிலதான். பக்கத்து நாலு பேர் சேந்து செஞ்சாதான் காவல் காக்க முடியும். மொத வருஷம் வெளச்சல் ஒண்ணும் கூடல, உள்ளத சொல்றேன். ஆனா ரெண்டாவது வருஷத்துல மண்ண தோண்டினா புழு இருந்துச்சு, பக்கத்துக் கொல்லி வாடினப்ப எங்களுது கொஞ்ச நாள் சேத்து தாங்கிச்சு. அதோட கீர, காராமணி, பூசணிக்கா வூட்டுக்கு வந்துகினே இருந்துச்சு, காய்கறி வாங்கற காசு மிச்சம்.

மூணு ஏக்கர்லயும் வேணாம். அர ஏக்கர் போடுங்க, மாட்டுக் கொட்டாய்க்கு கிட்ட இருக்கற பக்கமா.

---

பாலாத்துத் தண்ணி

இயற்கை விவசாயத்துக்கு உலக பரிசு வாங்கிட்டா மழ வந்துடுமா? தண்ணி இல்லாதவனுக்கு சாணி உருண்ட. பாலாத்துல செக் டேம் கட்டி கட்டி கீழ எங்களுக்கு மணல்தான் வருது, அத பேச ஒருத்தரும் இல்ல இங்க.

---

சங்கத்து சரோஜா

அண்ணா, பரிசு 2024ல குல்பென்கியன் விருது, மூணு பேருக்கு பங்கு போட்டாங்க, ஆந்திரா திட்டம் அதுல ஒண்ணு, எங்க வூட்டுக்கு அதுல ஒரு ரூபா வரல, சந்தோஷமா? பாலாறு கர்நாடகாவுல பொறந்து இங்க 33 கிலோமீட்டர்தான் ஓடுது, எங்க மேட்டு நிலத்துக்கு அந்தத் தண்ணியும் இல்ல. 2025 ஆகஸ்ட்ல ஹந்திரி நீவா கால்வாயில கிருஷ்ணா தண்ணி குப்பம் வரைக்கும் வந்துச்சு, ஏரிங்க நெறைஞ்சா கீழ் கெணறு ஊறும், நல்லதுதான், மேடு மேடுதான். தம்பி கேட்ட கேள்விக்கு பதில் இருந்தா சொல்லுங்க.

---

அடங்கல் அண்ணாச்சி

பொறந்தது தென்காசி, இருபது வருஷமா சித்தூர்ல. இன்சூரன்ஸ் மேட்டருக்கு மட்டும் வர்றேன், ஏன்னா இது யாரும் ஒழுங்கா சொல்றதில்ல.

லிஸ்ட்ல பேர் இல்லன்னா பெரும்பாலும் இ-கிராப் பதிவு ஆகல. ஆந்திராவுல எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை, நஷ்ட ஈடு, இன்சூரன்ஸ், அரசு கொள்முதல், எல்லாம். வெதச்ச பிறகு ரைத்து சேவா கேந்திரத்துல, அதாவது ஊர் விவசாயி சேவை மையத்துல, முன்ன ரைத்து பரோசா கேந்திரம்னு இருந்துச்சே, அங்க சொல்லி, நிலத்துல வந்து போட்டோ எடுத்து, உங்க விரல் ரேக வச்சி, ரசீது வாங்கணும். பயிர் பேரு சரியா இருக்கான்னு ரசீதுல பாருங்க. நீங்க மல்லாட்ட போட்டு தொவர ஊடுபயிரா விட்டா ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. போன வருஷ பயிரையே அப்படியே ஏத்திட்டுப் போற ஆளும் உண்டு. தமிழ்நாட்டு பக்கம் வி.ஏ.ஓ. அடங்கல், அதே கததான்.

கவுலு நிலம் ஒரு ஏக்கர்னீங்க. அதுக்கு சி.சி.ஆர்.சி. கார்டு வேணும், 2019 சட்டப்படி பயிர் செய்யறவருக்கு குடுக்கற அட்ட, 11 மாசத்துக்கு செல்லும். நிலத்துக்காரர் கையெழுத்து வேணும், அங்கதான் எல்லாரும் பயந்துக்கறாங்க, நிலம் போயிடுமோன்னு. அதுல பயிர் மேல உரிமை மட்டும்தான், நிலத்து மேல ஒண்ணும் இல்லன்னு அவருக்கு எடுத்து சொல்லுங்க. கையெழுத்து போடலைன்னா அந்த ஒரு ஏக்கர்ல செலவு கம்மியான பயிரு போடுங்க, போனா கேக்கறதுக்கு நாதி இருக்காது.

அடுத்தது, உங்க மாவட்டத்துல உங்க பயிர் எந்தத் திட்டத்துல அறிவிச்சிருக்காங்கன்னு ஒவ்வொரு வருஷமும் கேளுங்க. ஒண்ணு மகசூல் பாத்து குடுக்கறது, இன்னொண்ணு வானிலை பாத்து குடுக்கறது. வானிலைத் திட்டம்னா உங்க கொல்லில மழ பெஞ்சுதா இல்லையான்னு யாரும் பாக்க மாட்டாங்க, மழமானி வச்சிருக்கற எடத்துல எவ்ளோ பதிவாச்சோ அதுதான் கணக்கு, அதனாலதான் மல இந்தப் பக்கம் காசு வந்து அந்தப் பக்கம் வராம போவுது. மகசூல் திட்டம்னா, புடுங்கி களத்துல காயப் போட்டிருக்கற காய் மழையில கெட்டாலும் 14 நாள் வரைக்கும் கேக்கலாம், ஆனா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். 14447க்கு போன் பண்ணுங்க, போட்டோ எடுத்து வைங்க. 2021ல உங்களுக்கு நடந்த மாதிரி களத்துல கெட்டா ஒடனே சொல்லிடுங்க, மூணு நாள் கழிச்சி ஆபீசுக்குப் போனா கதவு மூடிடும். காரீப் பயிருக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகைல 2 பர்சென்ட். நடுவுல கொஞ்ச வருஷம் ஆந்திராவுல இலவசமா இருந்துச்சு, இப்ப கட்டணும், தானா ஆயிடும்னு இருக்காதீங்க.

மேகதூத் ஆப் போன்ல போட்டுக்குங்க, செவ்வாயும் வெள்ளியும் மாவட்டத்துக்கு வானிலை அறிக்க வரும், தமிழ்லயும் இருக்கு. புடுங்கற வாரத்துல அத பாக்காம கூலிக்கு ஆள் சொல்லாதீங்க.

---

மேட்டுக்கொல்லி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. வூட்ல படிச்சிக் காட்டினேன். இப்ப நெனச்சிருக்கறது, கொட்டாய் பக்கம் அர ஏக்கர் சரோஜா அக்கா சொன்ன மாதிரி, ஒன்றர ஏக்கர் மல்லாட்ட தொவரையோட, பதனு பாத்து. கவுலு நிலத்துக்காரர் கிட்ட பேசினேன், கையெழுத்துன்னதும் மூஞ்சி மாறிடுச்சு, யோசிச்சி சொல்றேன்னார். அவர் போடலைன்னா அதுல காராமணியும் கொள்ளும்தான். தம்பி கிட்டயும் சொல்லிட்டேன், இந்த வருஷம் விக்கல.

ரெண்டு சந்தேகம். தொவர எந்த வெத? கடையில குட்ட ரகம்தான் தரான். அப்பறம் எங்களுக்கு இருக்கறது ஒரு சீம மாடு, அதோட சாணி கனஜீவாமிர்தத்துக்கு ஆவுமா, நாட்டு மாடுதான்னு சொல்றாங்களே?

---

சங்கத்து சரோஜா

நாட்டு மாடுன்னுதான் டிரெய்னிங்ல சொல்வாங்க. எங்க சங்கத்துல பாதிப் பேர் வூட்ல சீம மாடுதான், யார் வூட்ல நாட்டு மாடு கீதோ அங்க போயி கோமியமும் சாணியும் வாங்கி கலந்துக்கறோம். கெடைக்கலைன்னா உங்க மாட்டு சாணிலயே செய்யுங்க, மாட்டுக்கு ஊசி போட்ட வாரத்துல மட்டும் எடுக்காதீங்க. வெல்லம் பழசு போதும், கறுப்பு வெல்லம் இன்னும் நல்லது.

---

பேரணாம்பட்டு பெருசு

குட்ட ரகம் வேணாம், அது மல்லாட்டயோட கூடவே பூ எடுத்து கூடவே காயும். நீண்ட நாள் தொவர வேணும், தை மாசம் வரைக்கும் நிக்கணும். எங்க வூட்ல நாட்டுத் தொவர கீது, பான வாயில சாம்பல் போட்டு வச்சிருக்கா கெழவி. உனக்கு ஒன்றர ஏக்கருக்கு மூணு கிலோ போதும். வி.கோட்டா சந்தைக்கு வர்றப்ப சொல்லு, குடுக்கறேன், வெளஞ்சா திரும்ப ஆறு கிலோவா குடு. சொத்தயில்லாம.